19-ம் நம்பர் பல்!

பல் டாக்டர் இருக்கிற வீட்டில் பிறந்தவனுக்குப் பல்வலி வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. எனக்கு வந்தது. அந்தக் கூத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், 17 கிலோ புத்தகத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் தங்கை பி.டி.எஸ். படித்தவள். சென்னையில் நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. 2015ல் வெளியே வந்தபோது கையில் கோல்டு மெடல். நான் பி.காம். மெடல் வகையறாவில் எனக்குத் தெரிந்தது சைக்கிள் பெடல் மட்டும்தான்.

2017ல் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சாஃப்ட்வேர். நியூ ஜெர்ஸி. இங்கே பல் பிடுங்கிக்கொண்டிருந்தவள் அங்கே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். காரணம், ஹெச்-4 விசா. புருஷனின் வேலை விசாவைத் தொற்றிக்கொண்டு போகிற விசா அது. அதில் சமைக்கலாம், கார் ஓட்டலாம், குழந்தை வளர்க்கலாம், காலேஜில் சேர்ந்து படிக்கக்கூடச் செய்யலாம். தனியாக அனுமதி வாங்காமல் வேலை மட்டும் பார்க்க முடியாது.

அனுமதி கிடைத்தாலும் பல்லைத் தொட விடமாட்டார்கள். நம் ஊர் பி.டி.எஸ்.ஸை மாட்டி வைத்து அங்கே நேராக க்ளினிக் திறக்க முடியாது. பெரும்பாலானவர்கள் போகிற வழி இதுதான்: முதலில் போர்டு எக்ஸாம் என்கிற எழுத்துத் தேர்வு. அதில் தேறி, வெளிநாட்டுப் பல் டாக்டர்களுக்கென்று நடக்கிற வகுப்பில் இடம் பிடிக்க வேண்டும். நியூயார்க் யூனிவர்சிட்டி, பென்சில்வேனியா, டஃப்ட்ஸ், பாஸ்டன் என்று பல இடங்களில் இது உண்டு. இரண்டு மூன்று வருஷப் படிப்பு. அப்புறம் மாநில லைசென்ஸ்.

“போர்டு எக்ஸாம் எழுதப் போறேம்மா” என்று தங்கை போனில் சொன்னாள்.

“ஏண்டி, ப்ளஸ் டூ சர்ட்டிஃபிகேட் தொலைஞ்சு போச்சா?” என்றாள் அம்மா.

அம்மா கேட்டது சிரிப்பாக இருந்தது. ஆனால் தங்கை ஏன் இந்த வம்பில் இறங்கினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் என்று போட்டால் பொய். இல்லை என்று போட்டால் அதுவும் பொய். கடைசியில் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

23 கிலோவில் 17

2022 ஜனவரியில் அம்மா அமெரிக்கா கிளம்பினாள். புத்தகம் சேகரித்து அனுப்பும் பொறுப்பு அண்ணனாகிய என் தலையில்.

நானும் சும்மா இல்லை. தங்கையின் காலேஜ் சீனியர்கள், சீனியருக்கு சீனியர்கள் என்று ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டினேன். அமெரிக்கா போய் செட்டிலானவர்களின் அப்பாக்கள் பரணில் இருந்து தூசி தட்டிக் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டி நிறையக் கேள்வி-பதில் கார்டுகள். தலையணை சைஸில் இரண்டு ‘ரிவ்யூ’ புத்தகங்கள். ஒரு சீனியர் அக்கா கைப்பட எழுதிய நோட்ஸ், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ், 2016-ம் வருஷத்தது. போதாததற்கு வீட்டிலிருந்த பி.டி.எஸ். பாடப் புத்தகங்கள்: வாய் நோய்க்கு ஷாஃபர், ஈறுக்குக் கரான்ஸா, மருந்துக்குத் திரிபாதி.

எல்லாம் ஓசி! அதுவே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெட்டிக்கு 23 கிலோ. நான் வைத்த புத்தகம் 17 கிலோ. மீதி ஆறு கிலோவில் அம்மாவின் சாம்பார்ப் பொடி, வடகம், ஆவக்காய், முறுக்கு எல்லாம் அடங்க வேண்டும். ஆவக்காய் இந்தியாவிலேயே தங்கிவிட்டது. “படிக்கிறவளுக்கு வாய்க்கு ருசியா ஒண்ணும் வேண்டாமாடா?” என்று ஏர்போர்ட் வரை முனகிக்கொண்டே வந்தாள் அம்மா.

இப்போது நினைத்தால், ஆவக்காயை அனுப்பியிருக்கலாம்.

எழுபத்தொன்று

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதன் பெயர் ஐ.என்.பி.டி.இ. நடத்துவது சிகாகோவில் இருக்கும் ஒரு கூட்டு ஆணையம். முன்பெல்லாம் இது இரண்டு தனித் தேர்வு. முதல் பகுதியில் உடற்கூறு, உயிர்வேதியியல், கிருமிகள் மாதிரி அடிப்படைப் பாடம். இரண்டாம் பகுதியில் சிகிச்சை. முதல் பகுதி 2020 டிசம்பரோடும் இரண்டாம் பகுதி 2022 முடிவோடும் மூடப்பட்டன. இரண்டையும் ஒன்றாகக் கலந்த புதுத் தேர்வு 2020 ஆகஸ்டில் தொடங்கியது. 500 கேள்விகள். முதல் நாள் 360, மறுநாள் 140. ஒன்றரை நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும்.

பாஸாக 75 வேண்டும். இது நூற்றுக்கு எழுபத்தைந்து சதவீதம் இல்லை. அவர்கள் வைத்திருக்கிற ஓர் அளவுகோலில் 75. பாஸானால் மார்க் சொல்லமாட்டார்கள். ஃபெயிலானால் மட்டும் சொல்வார்கள்! எந்தப் பகுதியில் எவ்வளவு பலவீனம் என்று ஒரு குறிப்பும் தருவார்கள். முதல் முறை எழுதியதிலிருந்து ஐந்து வருஷம் அல்லது ஐந்து முறை, எது முதலில் வருகிறதோ அதற்குள் தேற வேண்டும். தவறினால், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

தங்கை எட்டு மாசம் படித்தாள். பையனைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. 2022 செப்டம்பரில் எழுதினாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை ஆறு மணிக்கு போன் அடித்தது.

“அண்ணா... எனக்கு மார்க் சொல்லிட்டாங்கண்ணா” என்றாள்.

ஒரு விநாடி நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. 71.

ப்ளஸ் டூவிலிருந்து இன்டர்ன்ஷிப் வரை எதிலும் தோற்காதவள். போனில் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தேர்வுக் கட்டணமும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான கூடுதல் கட்டணமும் சேர்ந்து ஆயிரம் டாலருக்கு மேல் போயிருந்தது. “பணத்தை விடுங்க மச்சான், அவ சாப்பிடவே மாட்டேங்கறா” என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து சொன்னார்.

கணக்குப்பிள்ளை ஆடிட்

எனக்குப் பல்லைப் பற்றித் தெரியாது. தோல்வியைப் பற்றித் தெரியும். சி.ஏ. இன்டர் எழுதி மூன்று தடவை மண்ணைக் கவ்வியவன் நான். அந்த அனுபவத்தில் சொன்னேன்: “நீ படிச்சது எல்லாத்தையும் வீடியோ கால்ல காட்டு. ஸ்டாக் எடுப்போம்.”

எடுத்தோம். மொத்தம் ஒன்பது ஐட்டம். நான் அனுப்பியவை, அங்கே வாங்கியவை, நண்பிகள் கொடுத்த பி.டி.எஃப்.கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு முடித்தாய் என்று கேட்டேன். ஒன்றில் பாதி. இன்னொன்றில் கால். ஒரு புத்தகத்தில் முதல் நாலு அத்தியாயம் மஞ்சள் மார்க்கர் பூசி மங்களகரமாக இருந்தது; ஐந்தாவதிலிருந்து பிரிக்கவே இல்லை. ஒன்பதில் முழுதாக முடித்தது? பூஜ்யம்.

காரணம் சுலபம். ஒரு புத்தகம் படிக்கும்போது யாராவது போன் செய்து, “ஐயோ, அதையா படிக்கறே? எல்லாரும் இதைத்தான் படிக்கறாங்க” என்பார்கள். உடனே மாறுவாள். புதுப் புத்தகம் வாங்கினால் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அது ஏதோ படித்து முடித்த மாதிரியே இருக்கும். ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டியதுமே உடம்பு இளைத்ததாக நமக்குத் தோன்றுகிறதே, அதே வியாதி.

இது ஒரு பிரச்னை. இதைவிடப் பெரிய பிரச்னை அடுத்த வாரம் தெரிந்தது. அது என் அன்பளிப்பில் ஒளிந்திருந்தது.

புதிதாக வந்த மாதிரிக் கேள்விகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயற்கை இதய வால்வு வைத்த நோயாளி. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. பல் எடுக்குமுன் என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பாய்? தங்கை யோசிக்காமல், “க்ளின்டாமைசின்” என்றாள். நோட்ஸில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அப்படித்தான் இருந்தது. தப்பு! அமெரிக்க இதயச் சங்கம் 2021ல் வெளியிட்ட அறிக்கையில் க்ளின்டாமைசினை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டது. குடலைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கிற பக்கவிளைவு மற்ற மருந்துகளைவிட அதில் அதிகம் என்பதால்.

சீனியர் அக்கா மேல் தப்பே இல்லை. அவர் எழுதியது 2016. அன்றைக்கு அது சரி.

அடுத்து ஈறு. ஈறு நோய் எலும்பு வரை போய்விட்டால் அதை ‘நாள்பட்டது’, ‘தீவிரமானது’ என்று இரண்டாகப் பிரித்துத்தான் இவள் படித்திருந்தாள். 2017ல் சிகாகோவில் உலக நிபுணர்கள் கூடிப் பேசி, 2018ல் அந்தப் பிரிவினையையே ஒழித்துவிட்டார்கள். இப்போது நாலு கட்டம், மூன்று தரம். ரத்த அழுத்தமும் அப்படித்தான். 140/90 தாண்டினால் பி.பி. என்று இவள் நோட்ஸ் சொன்னது. 2017லேயே அமெரிக்க இதய நிபுணர்கள் அதை 130/80 ஆக இறக்கிவிட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது.

“ஏம்மா, ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை. அதுக்கு முந்தின வாட், சர்வீஸ் டாக்ஸ் புத்தகத்தை வச்சு இன்னிக்கு எவனாவது பரீட்சை எழுதுவானா? அந்தக் காரியத்தைத்தானே நான் உனக்குச் செஞ்சிருக்கேன்!”

பி.காம். படித்த எவனும் போன வருஷத்து வருமான வரி கைடை ஓசியில் கொடுத்தாலும் வாங்கமாட்டான். அப்படிப்பட்ட நானே, பல் என்றதும் ‘பல் எங்கே மாறப் போகிறது’ என்று நினைத்துவிட்டேன். பல் மாறவில்லைதான். பல்லைச் சுற்றி எல்லாம் மாறிவிட்டது.

தேய்மானம்

பழசு எல்லாமே குப்பையா என்றால், இல்லை. இங்கேதான் கணக்குப்பிள்ளை மூளை கொஞ்சம் உதவியது.

கட்டடத்துக்கு ஒரு தேய்மானம், கம்ப்யூட்டருக்கு ஒரு தேய்மானம் என்று நாம் கணக்கெழுதுகிறோம் அல்லவா? அதே போல பாடத்தையும் பிரித்தோம். பல்லின் வடிவம், முகத்து நரம்புகள், கரு வளர்ச்சி எல்லாம் கட்டடம். பழைய கார்டுகளே போதும். கடைவாய்ப் பல்லுக்கு வேர் எத்தனை என்பது போன தலைமுறையிலும் அதேதான். மருந்து, நோய்ப் பிரிவுகள், கிருமித் தடுப்பு முறைகள், சட்டம் எல்லாம் கம்ப்யூட்டர். நாலைந்து வருஷத்தில் மதிப்பு போய்விடும். அவற்றை ஓசியில் வாங்குவதுதான் ரொம்பக் காஸ்ட்லி.

இன்னொரு தேய்மானமும் உண்டு. அது காலத்தால் வருவதில்லை, கடல் தாண்டுவதால் வருவது. நம் ஊரில் பல்லுக்கு இரண்டு இலக்க நம்பர். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது அதில் எத்தனையாவது பல். 16 என்றால் வலது மேல் வரிசையின் முதல் கடைவாய்ப் பல். அமெரிக்காவில் வலது மேல் கடைசியில் ஆரம்பித்து, 1, 2, 3 என்று வரிசையாக 32 வரை எண்ணிக்கொண்டே போகிறார்கள். நம்முடைய 16 அவர்களுக்கு 3. அவர்களுடைய 16 இடது மேல் ஞானப்பல். நம் ஊர்ப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போனால், வலது பக்கம் வலிக்கிறவனுக்கு இடது பக்கம் பிடுங்க வேண்டியதுதான்!

பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கே எபினெஃப்ரின். நம் லிக்னோகெய்ன் அங்கே லிடோகெய்ன். ஆளைக் கிலோவில் நிறுத்தமாட்டார்கள், பவுண்டு.

ஃப்ளோரைடு விஷயம் இன்னும் வேடிக்கை. காலேஜ் நாளில் தர்மபுரிப் பக்கம் கேம்ப் போன என் தங்கை, தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாகிப் பழுப்பேறிய பற்களைப் பார்த்தவள். ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து அந்த ஜனங்களைக் காப்பாற்ற ஒரு திட்டமே போட வேண்டியிருந்தது. அவளைப் பொறுத்தவரை ஃப்ளோரைடு வில்லன். அமெரிக்காவிலோ 1945ல் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் தொடங்கி, குடிதண்ணீரில் வேண்டுமென்றே ஃப்ளோரைடு சேர்த்தார்கள். எவ்வளவு சேர்க்கலாம் என்பது தேர்வுக்கான பாடம்: லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 2015ல் சொன்ன அளவு. இதிலும் ஒரு திருப்பம்: 2025ல் யூட்டாவும் ஃப்ளோரிடாவும் சேர்க்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டன. ஆக, தங்கை பாஸான வருஷத்து நோட்ஸும் இப்போது தேய ஆரம்பித்தாயிற்று!

யாரும் படிக்காத இலவசம்

இத்தனை அலசலுக்கும் பிறகு ஒரு சந்தேகம் கேட்டேன். “ஏம்மா, தேர்வு நடத்தறவங்க சிலபஸ்னு ஒண்ணு கொடுத்திருப்பாங்களே?”

கொடுத்திருக்கிறார்கள். இலவசமாக. கூடவே சில மாதிரிக் கேள்விகளும். ஒன்பது ஐட்டம் சேர்த்தவள் அதைத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது ஒரு தடவை மேலோட்டமாகப் புரட்டியதோடு சரி.

அதைப் பிரித்துப் பார்த்தால் தெளிவாக எழுதியிருக்கிறது. நோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்குத் திட்டம் போடுவது 36.2 சதவீதம். வாய் நலத்தைக் கவனிப்பது 42. மீதி 21.8 சதவீதம் ‘தொழில்’ என்ற தலைப்பு: நோயாளியிடம் பேசும் விதம், தொழில் தர்மம், சட்டம், பாதுகாப்பு, ஆராய்ச்சி முடிவுகளை எடைபோடுவது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! ஷாஃபர், திரிபாதி யாரும் இதற்குக் கை கொடுக்கமாட்டார்கள். ஃபெயிலான தாளிலும் அவள் பலவீனம் இந்த இடத்தில்தான் அதிகம் என்று இருந்தது.

ஒரு உதாரணம். பல்லில் வெள்ளி அடைத்திருக்கிற நோயாளியிடம் டாக்டரே, “இதுல இருக்கறது விஷம், எல்லாத்தையும் எடுத்துடலாம்” என்று பயமுறுத்துகிறார். எந்தத் தர்மத்தை மீறுகிறார்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையில் ஐந்து தர்மம் உண்டு: நோயாளியின் சுயவிருப்பம், தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நியாயம், உண்மை. தங்கை ‘தீங்கு செய்யாமை’ என்றாள். விடை, ‘உண்மை’. ஆதாரமில்லாததைச் சொல்லி நம்பவைப்பது பொய் என்பதால்.

“பாட்டி பத்து வயசுல சொல்லிக்கொடுத்ததை இங்கிலீஷ்ல கேட்டா தெரியல பாருண்ணா” என்றாள். ஃபெயிலான பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இருநூற்றைம்பது டாலர் ரகசியம்

இந்த உண்மைக்குச் சீக்கிரமே சோதனை வந்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் மூலம் ஒரு பி.டி.எஃப். பேரம். தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள் ஞாபகம் வைத்துச் சொன்ன கேள்விகள். 250 டாலர். சாம்பிளாகப் பத்துப் பக்கம் இலவசம்.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சபலம். என்னைக் கேட்டால், எனக்கும்தான். இன்னொரு தடவை அந்தக் காலை ஆறு மணி போனை எடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

தங்கை பத்துப் பக்கத்தையும் படித்தாள். “அண்ணா, ஒரே கேள்வி மூணு இடத்துல வருது. மூணுலயும் வேற வேற விடை. எழுதினவங்களுக்கே தெரியல. தவிர, கேள்வியை வெளியில சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் தேர்வுக்கு உட்கார விடறாங்க. மாட்டினா ரிசல்ட் ரத்து, மறுபடி எழுதத் தடை.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இதுல நாலாவது பக்கத்துல என்ன கேள்வி தெரியுமா? பொய் சொல்ற டாக்டர் எந்தத் தர்மத்தை மீறறார்னு!”

பேரம் அத்தோடு முடிந்தது.

மூன்றே மூன்று

இரண்டாவது முறைக்கு அவள் வைத்துக்கொண்டது மூன்றே விஷயம்.

ஒன்று, பணம் கட்டிய ஒரு கேள்வி வங்கி. பூட்கேம்ப், பூஸ்டர் என்று இந்தத் தேர்வுக்கு இரண்டு பிரபலம். (பூஸ்ட் குடித்து வளர்ந்த எனக்கு எதன் மேல் சாய்வு என்று சொல்ல வேண்டியதில்லை.) எது உசத்தி என்று பட்டிமன்றம் நடத்தாமல், இரண்டிலும் கொஞ்சம் மேய்ந்து பார்த்து, விளக்கம் தனக்குப் புரிகிற ஒன்றை எடுத்தாள். ‘வேற நல்லது இருக்கு’ என்று யார் போன் செய்தாலும், “சரிங்க, நான் இதை முடிச்சிட்டு வரேன்” என்பது பதில்.

இரண்டு, பலவீனமான பாடங்களுக்கு மட்டும் வீடியோ. யூடியூபில் மென்டல் டென்டல் என்ற சேனல், ஓசி. பாத்திரம் தேய்க்கும்போது காதில் ஓடும்.

மூன்று, ஒரு லாங் சைஸ் நோட்டு. இது என் யோசனை என்பதைக் கர்வத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தப்புக் கணக்கு நோட்டு. தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. ஏன் தப்பு என்று மூன்று கட்டம்: தெரியவில்லை, தெரியும், ஆனால் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, சரியாகப் போட்டுவிட்டு மாற்றினேன். ஒரு மாசம் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது கட்டம்! இந்தத் தேர்வில் பல கேள்விகளுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும்: நோயாளியின் வயசு, என்ன தொந்தரவு, என்ன மருந்து சாப்பிடுகிறார், இப்போது என்ன தெரிகிறது. அதைப் படிக்காமல் கேள்விக்குத் தாவுவதுதான் தங்கையின் வியாதி. இதற்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை.

இன்னொன்றையும் விட்டாள். 99 வாங்கும் ஆசையை. பழைய தேர்வில் மார்க் சொல்வார்கள். காலேஜில் இடம் பிடிக்க மார்க் முக்கியம். ஆகவே சீனியர்கள், “ஒரு வரி விடாம படி” என்றார்கள். 2012லிருந்தே தேறியவர்களுக்கு மார்க் கிடையாது. வெறும் பாஸ். கோல்டு மெடல்காரிக்கு இதை ஒப்புக்கொள்ளத்தான் நாள் ஆனது. போட்டித் தேர்வென்றால் பக்கத்து சீட்காரனை முந்த வேண்டும். இதில் யாரையும் முந்த வேண்டாம். ‘இவளை நம்பி ஒரு நோயாளி வாய் திறக்கலாமா’ என்பது ஒன்றுதான் கேள்வி.

ஐந்து நிமிடச் சோதனை

இதே தேர்வுக்கு உங்கள் வீட்டிலோ ஆபீஸ் நண்பர் வீட்டிலோ யாராவது தயாராகிறார்கள் என்றால், ஒரு புத்தகமோ நோட்ஸோ கைக்கு வந்ததும் இதைச் செய்யச் சொல்லுங்கள்:

க்ளின்டாமைசினைத் தேடுங்கள். இதய நோயாளிக்கு முன்ஜாக்கிரதையாகக் கொடு என்றிருந்தால், அது 2021க்கு முந்திய சரக்கு.

ஈறு நோயில் நாலு கட்டம், மூன்று தரம் இல்லையென்றால், 2018க்கு முந்தியது.

தேர்வைப் ‘பார்ட் ஒன், பார்ட் டூ’ என்று பிரித்திருந்தால், மூடிய கடைக்கு வழி சொல்கிறது என்று அர்த்தம். பல்லின் வடிவத்துக்கும் நரம்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பல்லுக்கு 32 வரை நம்பர் இல்லையென்றால், அது அமெரிக்க வாய் இல்லை.

பேங்க் தேர்வு, குரூப் தேர்வு, டிபார்ட்மென்ட் தேர்வு எழுதும் ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கும் இதே சோதனைதான். அலமாரியில் இருப்பது சொத்து இல்லை. முடித்ததுதான் சொத்து. முடிக்காதது எல்லாம் வெறும் ஸ்டாக்.

பாஸ்!

2023 ஏப்ரலில் மறுபடி எழுதினாள். சில வாரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. பாஸ்.

“எத்தனை மார்க்டி?” என்றாள் அம்மா.

“மார்க் கிடையாதும்மா.”

“அப்ப பக்கத்து வீட்ல நான் என்னத்தைச் சொல்றது?”

அடுத்த வருஷம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. செலவை நினைத்தால் மாப்பிள்ளைக்குத்தான் பல் ஆடுகிறது. என் 17 கிலோவையும் தங்கை தரம் பிரித்தாள். பல் வடிவக் கார்டுகளை, ‘இதற்கு மட்டும் நம்பலாம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு ஜூனியருக்குக் கொடுத்தாள். 2016 நோட்ஸைக் கொடுக்கவில்லை. “நல்ல மனசோட கொடுத்தாதாண்ணா இது ஆபத்து. யாரும் சந்தேகப்படமாட்டாங்க” என்றாள். என்னைக் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் குத்தியது.

பையனின் பள்ளியில் அந்த வருஷமும் ஃபாரம் கொடுத்தார்கள். தாயின் தொழில் என்ற கட்டத்தில், ‘பல் மருத்துவ மாணவி’ என்று எழுதி, போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன பல்வலிக்கு வருகிறேன். போன மாசம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இடது கீழ்க் கடைவாயில் விண் விண்ணென்று தெறித்தது. தங்கைக்கு வீடியோ கால் போட்டு, டார்ச் அடித்து வாயைக் காட்டினேன். உற்றுப் பார்த்தவள், “19ண்ணா. சொத்தை ஆழமாப் போயிருக்கு. நாளைக்கே டாக்டரைப் பாரு” என்றாள்.

மறுநாள் தெருமுனை க்ளினிக்கில் போய் உட்கார்ந்து, விஷயம் தெரிந்தவன் தோரணையில், “டாக்டர், 19-ம் நம்பர் பல்லுல சொத்தை” என்றேன்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், 18க்கு அடுத்தது 21. உங்க வாயில மட்டும் இல்ல, இந்தியாவுல யார் வாயிலயும் 19-ம் நம்பர் பல்லே கிடையாது. இது 36. நல்லாத் திறங்க!”